சூடு ஏறும்வரை நகராத முள்

ஓடாத எந்திரம் தன் பழுதைத் தானே அறிவித்துவிடுகிறது. நிற்காத எந்திரம் அப்படியல்ல. பார்ப்பவருக்கு அது வேலை செய்துகொண்டிருப்பதாகவே தோன்றும். உருளை சுழல்கிறது, உடுப்புகள் புரள்கின்றன, வெளிச்சுவரில் உள்ள குழாய்வாயால் காற்று போகிறது. மணித்தியாலம் ஒன்று இரண்டாகி, இரண்டு மூன்றாகி, யாராவது கீழே இறங்கிப் போய்க் கதவைத் திறக்கும்வரை அங்கே ஒரு பழுது இருப்பதே தெரியாது. டொரோண்டோவின் கிழக்கே ஸ்காபரோவிலும், வடக்கே மார்க்கத்திலும் உள்ள எங்கள் ஆட்களின் பேஸ்மென்ட்டுகளில் இப்படி ஓடிக்கொண்டே இருக்கும் ட்ரையர்களுக்கு முன்னால் பலமுறை நின்றிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் எனக்கு உறுதிப்பட்டது ஒன்றுதான்: எந்திரத்துக்கு ஓடுவது எளிது. எப்போது நிற்க வேண்டும் என்று அறிவதுதான் கடினம். அந்த அறிவு எங்கிருந்து வருகிறது, எப்படித் தவறிப்போகிறது என்பதைப் பற்றியே இந்தக் கட்டுரை.

துணியைச் சூட்டில் உலர்த்தும் கருவிகளின் வரலாற்றில் இந்தக் கேள்வி வெகுகாலம் எழவில்லை. ஓஹையோவின் டேட்டன் நகரத்தைச் சேர்ந்த கறுப்பினக் கண்டுபிடிப்பாளர் ஜார்ஜ் டி. சாம்ப்சன் 1892இல் காப்புரிமை பெற்ற உலர்த்தி, அடுப்புக்கு மேலே துணிகளைத் தொங்கவிடும் ஒரு சட்டகம். அதில் நிறுத்த வேண்டியது எதுவுமில்லை. அடுப்படியில் நிற்பவர் தொட்டுப் பார்த்து எடுத்துக்கொள்வார். வட டகோட்டாவின் கொடும்பனியில் ஜே. ராஸ் மூர் என்பவர் சுழலும் உருளையையும் சூட்டையும் சேர்த்து உருவாக்கிய கருவியை, விஸ்கான்சினின் டூ ரிவர்ஸ் ஊரிலிருந்த ஹாமில்டன் நிறுவனம் 1938இல் 'ஜூன் டே' என்ற பெயரில் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதன் கதவில் ஒரு கண்ணாடிச் சாளரம் வேண்டும் என்று சொன்னவர் வடிவமைப்பாளர் ப்ரூக்ஸ் ஸ்டீவன்ஸ். உள்ளே நடப்பது தெரிந்தால்தான் வாங்குபவர் நம்புவார் என்பது அவர் கணிப்பு. ஆனால் அந்தக் கண்ணாடி வழியே சுழற்சியைத்தான் பார்க்கலாம். ஈரத்தைப் பார்க்க முடியாது. உருளைக்குள் துணி போய்க் கதவு மூடிய அந்தக் கணத்தில், தொட்டறியும் கை வெளியே நின்றுவிட்டது. கையின் இடத்தை நிரப்ப எந்திரத்துக்கு ஏதாவது ஒரு சாட்சி தேவைப்பட்டது.

முதலில் அமர்த்தப்பட்ட சாட்சி கடிகாரம். ஒரு சிறு மோட்டார், சில பற்சக்கரங்கள், திரும்பும் தட்டுகள், அவற்றால் தொட்டும் விட்டும் வேலை செய்யும் மின்தொடுமுனைகள். அறுபது நிமிடம் என்று குமிழைத் திருப்பினால் அறுபது நிமிடத்தில் எல்லாம் அடங்கும். இதில் ஈரத்தைப் பற்றிய அறிவு துளியும் இல்லை. கட்டுப்பாட்டியல் பாடநூல்கள் பின்னூட்டம் இல்லாத அமைப்புக்கு உதாரணம் தேடும்போது இதையும் எடுத்துக்கொள்வதுண்டு. குழந்தையின் நாலு சட்டைகளைப் போட்டாலும், தடித்த துவாய்களையும் ஜீன்சுகளையும் அடைத்தாலும், கடிகாரம் அதே அறுபது நிமிடத்தைத்தான் எண்ணும். குமிழைத் திருப்பியவரின் ஊகம்தான் அங்கே எந்திரத்தின் அறிவு.

அடுத்து வந்தது, என் பார்வையில், வீட்டுக் கருவிகளிலேயே மிக நுட்பமான யோசனைகளில் ஒன்று. 'ஆட்டோ' என்று குறிக்கப்பட்ட ஓட்டத்தில் கடிகாரத்தின் கடிவாளத்தைச் சூட்டின் கையில் கொடுத்தார்கள். அது எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நிற்காத ட்ரையரின் மர்மம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது.

நீர் ஆவியாகும்போது சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. ஒரு கிலோ நீரை ஆவியாக்கக் கிட்டத்தட்ட 0.67 யூனிட் மின்சாரம் அளவுக்குச் சூடு வேண்டும். மண்பானைத் தண்ணீர் வெயில் நாளிலும் குளிர்ந்திருப்பது இதனால்தான். ட்ரையருக்குள்ளும் இதுவே நடக்கிறது. வட அமெரிக்க மின் ட்ரையரின் சூடேற்றும் சுருள் 240 வோல்ட்டில் சுமார் 5,400 வாட் இழுக்கும். அவ்வளவு சூட்டையும் ஈரத்துணி வாங்கி நீராவியாக வெளியே அனுப்பிக்கொண்டிருக்கும்வரை, உருளையிலிருந்து வெளியேறும் காற்றின் வெப்பநிலை ஒரு அளவுக்குமேல் ஏறாது. துணியில் நீர் தீரத் தொடங்கும்போதுதான் சூட்டுக்குப் போக்கிடம் இல்லாமல் காற்று கொதிப்பேறும். காற்றூதியின் உறையில் பொருத்தப்பட்ட ஒரு சிறு தெர்மோஸ்டாட் அந்த ஏற்றத்துக்காகக் காத்திருக்கிறது. அதற்குள் இரண்டு உலோகங்களை ஒட்டிச் செய்த ஒரு வில்லை. பரவலாகப் பயன்பட்ட ஒரு வகையில் அது சுமார் 68 பாகை செல்சியஸில் படக்கென்று வளைந்து சுருளுக்கான மின்சாரத்தைத் துண்டிக்கும். சுமார் 54 பாகைக்கு இறங்கியதும் மீண்டும் இணைக்கும்.

நுட்பம் இனிமேல்தான் வருகிறது. கடிகார மோட்டார் அந்தத் தெர்மோஸ்டாட்டுக்கு இணையாகக் கோக்கப்பட்டிருக்கிறது. தெர்மோஸ்டாட் மூடியிருக்கும்போது, அதாவது சுருள் எரியும்போது, கடிகாரத்துக்கு மின்சாரம் கிடைக்காது. முள் அசையாமல் நிற்கும். தெர்மோஸ்டாட் திறந்து சுருள் அணையும்போது மட்டுமே, அதே சுருளின் வழியாக ஒரு சிறு மின்னோட்டம் கடிகாரத்தை அடைந்து முள்ளை நகர்த்தும். துணி ஈரமாக இருந்தால் சுருள் நீண்ட நேரம் எரியும், நேரம் நகராது. துணி காயக் காயச் சுருள் அடிக்கடி அணையும், நேரம் விரைந்து நகரும். இந்த எந்திரம் எண்ணுவது நிமிடங்களை அல்ல. துணி தன் ஈரத்தை விட்டுக்கொடுத்த கணங்களை அது எண்ணுகிறது. கணினியோ மென்பொருளோ இல்லாமல், ஒரு வில்லையும் சில கம்பிகளும் சேர்ந்து இதைச் செய்துவிடுகின்றன.

இப்போது சுருள் அறுந்துபோகிறது என்று வைத்துக்கொள்வோம். உருளையைச் சுழற்றும் மோட்டாருக்கு 120 வோல்ட் போதும்; அது வழக்கம்போல ஓடும். சூடு இல்லை. சூடு இல்லாததால் தெர்மோஸ்டாட் திறப்பதில்லை. திறக்காததால் கடிகாரம் நகர்வதில்லை. நகராததால் ஓட்டம் முடிவதில்லை. தெர்மோஸ்டாட் திறந்தாலும்கூடப் பயனில்லை, ஏனென்றால் கடிகாரத்துக்கு மின்சாரம் வரும் வழியே அந்த அறுந்த சுருள்தான். எந்திரம் அடம்பிடிக்கவில்லை. தனக்குச் சொல்லப்பட்டதை அப்படியே கேட்கிறது. சூடு ஏறும்வரை ஓடு என்றார்கள்; ஏறவில்லை, ஓடுகிறது.

தொலைபேசியில் ஒருமுறை நடந்த உரையாடல் நினைவில் நிற்கிறது. அழைத்தவர் அறுபதைக் கடந்த ஒரு அன்ரி.

"தம்பி, காலமை போட்டது, இன்னும் நிக்குதில்லை. என்ன செய்யிறது?"

"அன்ரி, கதவைத் திறந்து உள்ளுக்குக் கையை வைச்சுப் பாருங்கோ. சூடு இருக்கோ?"

"சூடே இல்லை. சில்லெண்டு கிடக்கு. உடுப்பும் காயேல்லை."

"கதவைத் திறந்தவுடனை நிண்டதோ?"

"ஓம், அது நிண்டது."

அவர் சொன்ன இரண்டு விடைகளிலேயே பாதிப் பழுது வெளிப்பட்டுவிட்டது. பழுது பார்ப்பது என்பது கருவிப்பெட்டியைத் திறப்பதற்கு முன்பே, கேள்விகளை ஒழுங்குபடுத்துவதில் தொடங்குகிறது. முதல் கேள்வி, உண்மையிலேயே நிற்கவில்லையா என்பது. உடுப்பு கசங்காமல் இருக்க, ஓட்டம் முடிந்த பிறகும் சில நிமிடங்களுக்கு ஒருமுறை உருளையைச் சற்றுச் சுழற்றும் வசதி பல எந்திரங்களில் உண்டு. இரண்டு மணித்தியாலத்துக்கு மேலும் அது தொடரலாம். அது பழுதல்ல. அடுத்தது கதவு. திறந்தும் உருளை சுழன்றால் கதவுச் சுவிட்ச் உள்ளுக்குள் ஒட்டிவிட்டது. அந்த நிலையில் வேறெதையும் ஆராயக் கூடாது, முதலில் பிளக்கைப் பிடுங்க வேண்டும். கதவுக்கு அடங்கினால், 'ஆட்டோ'வை விட்டுக் கடிகார ஓட்டத்தில் வைத்துப் பார்க்கலாம். அங்கே முள் நகர்ந்து எந்திரம் நின்றால் கடிகார மோட்டார் நலம்; குற்றம் சூட்டின் பக்கம். அங்கேயும் முள் நகராவிட்டால் கடிகாரத்தின் பற்சக்கரம் தேய்ந்திருக்கலாம். முள் முடிவுக்கு வந்த பிறகும் ஓடினால் தொடுமுனைகள் தீய்ந்து ஒன்றோடொன்று பற்றிக்கொண்டிருக்கலாம்.

சூடு இல்லையென்றால் நேரே சுருளைக் கழற்றப் போக வேண்டியதில்லை. மின்பலகையைப் பார்க்க வேண்டும். ட்ரையருக்கு 30 ஆம்பியர் இரட்டை பிரேக்கர் இருக்கும். இரண்டு பக்கமும் சேர்ந்தால்தான் 240 வோல்ட். ஒரு பக்கம் மட்டும் போய்விட்டால் உருளை சுழலும், சுருள் எரியாது. பிரேக்கரை முழுவதும் அணைத்து மீண்டும் போட்டாலே சில வீடுகளில் எல்லாம் சரியாகிவிடும். அதிலும் சரிவராவிட்டால் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மல்டிமீட்டரால் சுருளின் தடையை அளக்கலாம். 5,400 வாட் சுருளுக்கு அது பத்து, பதினொரு ஓம் அளவில் இருக்கும். அறுந்த சுருளில் மீட்டர் எல்லையின்மையைக் காட்டும்.

சூடு இருந்தும் நிற்கவில்லையென்றால் சந்தேகம் குழாயின்மேல் போகிறது. ஈரக்காற்று வெளியேற வழியில்லாமல் உள்ளேயே சுற்றினால் துணி காயாது. சுருள் இருக்கும் பெட்டிக்குள் மட்டும் சூடு மிகுந்து, அங்குள்ள இன்னொரு பாதுகாப்புத் தெர்மோஸ்டாட் சுருளை அணைத்தணைத்து மூட்டும். எந்திரம் மணித்தியாலக் கணக்கில் ஓடும். வெளிச்சுவரில் உள்ள மூடி காற்றில் நன்றாகத் திறக்கிறதா, அதில் குருவி கூடு கட்டியிருக்கிறதா, எந்திரத்துக்குப் பின்னால் நெளிகுழாய் நசுங்கி வளைந்திருக்கிறதா, அதற்குள் பஞ்சுத்தூசி படிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இந்த வேலைக்கு எந்தக் கருவியும் வேண்டாம், குனிந்து பார்க்கும் பொறுமை போதும். மறுபுறம், சூடு வேண்டாம் என்று காற்றோட்டத்தில் மட்டும் வைத்தும் உள்ளே சூடு வந்தால், அறுந்த சுருளின் ஒரு முனை உலோக உறையில் பட்டுக்கொண்டிருக்கிறது என்று பொருள். தெர்மோஸ்டாட்டின் சொல் அங்கே எடுபடாது. அதை ஒருதரம்கூட மேலும் ஓட்டிப் பார்க்கக் கூடாது.

இந்தச் சோதனைகளின் நடுவே என்னைத் தொடர்ந்து யோசிக்க வைத்த ஒரு உண்மை உண்டு. மனிதத் தோலில் ஈரத்தை அறியும் தனி உணர்வி கிடையாது. குளிர்ச்சியையும், அழுத்தத்தையும், தோலின்மேல் துணி வழுக்கும் விதத்தையும் சேர்த்துத்தான் மூளை ஈரம் என்று முடிவு செய்கிறது. அதனால்தான் பனிக்காலத்தில் குளிர்ந்த இடத்தில் கிடந்த காய்ந்த சட்டையும் ஈரம்போலப் படுகிறது. சற்று நேரம் வீட்டுக்குள் வைத்துவிட்டுத் தொட்டால் காய்ந்ததென்று தெரிகிறது. சுருள் அறுந்த ட்ரையர் செய்யும் பிழையும் இதுவேதான். குளிர்ந்திருக்கிறது, ஆகவே ஈரம் என்று அது கொள்கிறது. கை நேரடியாக அறியும், எந்திரம் ஊகிக்கும் என்ற நம் நம்பிக்கை சரியல்ல. இரண்டும் ஊகிப்பவைதான். கைக்கு உள்ள ஒரே மேன்மை, சந்தேகம் வந்தால் அதே துணியைக் கன்னத்தில் வைத்துப் பார்க்கலாம், உதறிப் பார்க்கலாம், தையல் மடிப்பைத் திருப்பிப் பார்க்கலாம் என்பதே. அதாவது இரண்டாவது சாட்சியைக் கூப்பிடலாம். ஒற்றைச் சாட்சியை நம்பிய எந்திரத்துக்கு அந்த வழி இல்லை.

பின்னாளில் சாட்சியை மாற்றினார்கள். இப்போதைய எந்திரங்களில் பஞ்சுவடிகட்டியின் பக்கத்தில் இரண்டு உலோகப் பட்டைகள் இருக்கும். ஈரத்துணி அவற்றின்மேல் உரசும்போது ஒரு பட்டையிலிருந்து மற்றதற்கு மெல்லிய மின்னோட்டம் பாயும். நீரில் கரைந்துள்ள உப்புகள் அதைக் கடத்துகின்றன. துணி காயக் காய அந்தத் தொடுப்புகள் குறைந்து நின்றுபோகும். நின்றதும் எந்திரத்துக்குள் உள்ள கட்டுப்பாட்டுப் பலகை ஓட்டத்தை முடிக்கும். இங்கே நேரடியாக ஈரமே பேசுகிறது எனலாம். ஆனால் இந்த முறையில் அமைதியின் பொருள் தலைகீழாகிவிட்டது. தெர்மோஸ்டாட் எந்திரத்துக்குச் செய்தி வராவிட்டால் இன்னும் ஈரம், ஓடு என்று பொருள். பட்டை எந்திரத்துக்குச் செய்தி வராவிட்டால் காய்ந்துவிட்டது, நில் என்று பொருள். அதனால் அவற்றின் பழுதுகளும் எதிரெதிர்த் திசைகளில் போகின்றன. வாசனைக்காகப் போடும் ட்ரையர் ஷீட்டுகளின் மெழுகுப் படலம் பட்டைகளை மூடினால், துணி நனைந்திருக்கும்போதே எந்திரம் நின்றுவிடும். ஒன்றிரண்டு உடுப்பு மட்டும் போட்டால் அவை பட்டையில் படாமலே சுழன்று, அப்போதும் முன்கூட்டியே நிற்கும். மாறாக, பட்டைகளுக்குப் போகும் கம்பிகள் ஒன்றையொன்று தொட்டுவிட்டால், உள்ளே எப்போதும் ஈரம் இருப்பதாகவே தோன்றி எந்திரம் நிற்காமல் ஓடும். வெறும் உருளையை 'ஆட்டோ'வில் ஓட்டிப் பார்த்தால் இது தெரிந்துவிடும். நலமான எந்திரம் சில நிமிடங்களில் முடித்துக்கொள்ளும்.

ஆக, எந்திரத்தை வடிவமைத்தவர் எழுத்தில் எங்கும் குறிக்காத ஒரு முடிவை எடுத்திருக்கிறார்: செய்தி வராதபோது அதை எப்படி வாசிப்பது என்ற முடிவு. நிற்காத ட்ரையரின் முன்னால் நிற்கும்போது நாம் கண்டுபிடிக்க வேண்டியது இதைத்தான். எந்தச் சாட்சி பேசாமல் போனது? அந்த மௌனத்தை இந்த எந்திரம் எந்தப் பொருளில் எடுத்துக்கொண்டது?

இந்த முடிவு உயிரோடு தொடர்புடையது என்பதை ரயில்வே வெகுமுன்பே கற்றுக்கொண்டது. ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் 1869இல் கொண்டுவந்த முதல் காற்று பிரேக்கில், காற்றழுத்தம் வந்தால்தான் பிரேக் பிடிக்கும். குழாய் அறுந்தால் பிரேக்கும் போயிற்று. 1872இல் அவர் அதைப் புரட்டிப் போட்டார். குழாயில் அழுத்தம் இருக்கும்வரை சக்கரம் விடுபட்டிருக்கும், அழுத்தம் போனால் பிரேக் தானாகப் பிடிக்கும். மௌனம் என்றால் நில் என்று அங்கே தீர்மானமாயிற்று. ட்ரையருக்குள்ளும் அப்படி ஒரு உறுப்பு இருக்கிறது. தெர்மல் ஃபியூஸ் எனப்படும் அந்தச் சிறு துண்டு, சூடு எல்லை கடந்தால் ஒரே ஒருமுறை அறுந்து, பிறகு எப்போதும் சேராது. சிலர் அதை மாற்றாமல், இரண்டு கம்பிகளையும் நேரே முறுக்கிவிட்டு எந்திரத்தை ஓட்டுகிறார்கள். ஃபியூஸ் அறுந்ததற்கு ஒரு காரணம் இருந்தது; பெரும்பாலும் அடைத்த குழாய். அந்தக் காரணத்தை விட்டுவிட்டு, அதைச் சொன்ன வாயை அடைப்பது பழுதுபார்த்தல் ஆகாது. அமெரிக்கத் தீயணைப்பு நிர்வாகம் 2008 முதல் 2010 வரையான தரவுகளை வைத்துத் தந்த கணக்கில், அந்நாட்டுக் குடியிருப்புகளில் ஆண்டுக்குச் சுமார் 2,900 ட்ரையர் தீவிபத்துகள், ஐந்து மரணங்கள், நூறு பேருக்குக் காயம். காரணங்களில் முதலிடம், 34 விழுக்காடு, துப்புரவு செய்யாமல் விட்டதற்கு. பேஸ்மென்ட்டில் ஒரு குடும்பம் வாடகைக்கு இருக்க, அதன் படுக்கையறைச் சுவரின் மறுபக்கம் ட்ரையர் ஓடும் வீடுகள் இங்கே எத்தனையோ. அந்த வீடுகளில் குழாயைத் துப்புரவாக வைத்திருப்பது வீட்டுக்காரரின் கருணைச் செயல் அல்ல, கடமை.

இத்தனைக்கும் பக்கத்திலேயே எந்தச் சாட்சியும் தேவைப்படாத ஒரு வழி இருக்கிறது. கொடியில் போட்ட துணிக்கு நிறுத்தம் என்ற பிரச்சினையே கிடையாது. காய்ந்த துணி அதற்குமேல் காயாது. கொடி எதையும் எரித்து வீணாக்காது. ஆனால் வட அமெரிக்காவின் பல குடியிருப்புகளில், பார்வைக்கு அழகில்லை என்று கொடி கட்டுவதே தடைசெய்யப்பட்டிருந்தது. ஒன்ராறியோவில் 2008இல் டால்டன் மகின்டி அரசு கொண்டுவந்த விதிதான் தனி வீடுகளின் பின்வளவில் கொடி கட்டும் உரிமையைத் திருப்பிக் கொடுத்தது. எங்கள் வீடுகளில் இந்தச் சட்டம் வருவதற்கு முன்பும் பின்பும் பட்டுச் சேலையையும் வேட்டியையும் யாரும் ட்ரையரில் போட்டதில்லை. அவை கோடையில் பின்வளவிலும் பனிக்காலத்தில் பேஸ்மென்ட்டில் கட்டிய நைலோன் கயிற்றிலும்தான் காய்ந்தன. ட்ரையர் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மாதக்கணக்கில் பனி விழும் ஊரில், இரண்டு வேலைக்குப் போகும் பெற்றோருக்கு அது வாழ்வைத் தாங்கும் ஒரு தூண். அதனாலேயே அது எப்போது நிற்கும் என்பதை அவர்கள் அறிந்திருக்க வேண்டும் என்கிறேன்.

வேலையைப் பற்றி இந்த எந்திரம் எனக்குக் கற்றுத்தந்ததும் இதோடு சேர்ந்ததே. முடிந்துவிட்டது என்ற செய்தி வராததாலேயே தொடரும் வேலைகள் நம்மைச் சுற்றி நிறைய உண்டு. பிள்ளைகள் வளர்ந்து தங்கள் உடுப்பைத் தாங்களே தோய்க்கும் வயது வந்த பின்னும், யாரும் சொல்லாததால் அந்த வேலையைச் செய்துகொண்டிருக்கும் தாய்மார் இருக்கிறார்கள். அவர்கள் பிள்ளைகளின் மௌனத்தை இன்னும் தேவை என்று வாசிக்கிறார்கள். பிள்ளைகளோ தாயின் மௌனத்தை அவருக்குக் களைப்பில்லை என்று வாசிக்கிறார்கள். இரண்டும் நேர்மையான வாசிப்புகள், இரண்டும் பிழையானவை. இங்கே பொறுப்பு வேலை செய்பவரிடம் மட்டும் இல்லை. வேலையின் பயனைப் பெறுபவர்தான், போதும், இனி நான் பார்த்துக்கொள்கிறேன் என்ற செய்தியை அனுப்பக்கூடியவர். துணி காய்ந்ததைத் துணிதான் சொல்ல முடியும்.

அதனால் எந்த ஏற்பாட்டுக்கும் இரண்டு தனித்தனி நிறுத்தங்கள் வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். வேலை முடிந்ததை வேலையிடமிருந்தே கேட்டறியும் வழி ஒன்று. அந்த வழி அடைபட்டால், யாரையும் எதையும் கேட்காமல் ஒரு எல்லையில் நிறுத்திவிடும் வழி இன்னொன்று. முதலாவது இல்லாவிட்டால் துணி ஈரமாகவோ கருகியோ வரும். இரண்டாவது இல்லாவிட்டால் வீடு எரியும். ஒன்று கெட்டால் மற்றது தாங்கும்படி இரண்டையும் ஒரே கம்பியில் கோக்காமல் வைப்பதுதான் நல்ல வடிவமைப்பு. சூடேற்றும் சுருளின் வழியாகவே கடிகாரத்துக்கும் மின்சாரம் அனுப்பிய அந்த அழகான பழைய மின்சுற்றின் குறை அதுதான்: கேட்கும் காதையும் நிறுத்தும் கையையும் அது ஒன்றாகக் கட்டிவிட்டது.